ஸ்டேஷன் வேகனா, எம்.பி.வி.யா? ஏழு பேர் ஏறலாம், ஏழு பேரின் பெட்டியும் ஏறுமா?

தீபாவளி, நோன்புப் பெருநாள், பள்ளி விடுமுறை என்று எது வந்தாலும், ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு காட்சி மட்டும் மாறாது. ஏழு இருக்கை கார்கள் வரிசையாகப் போகும். பின் கண்ணாடியை மறைத்தபடி துணிப் பை, தலையணை, முறுக்கு டின், தண்ணீர் போத்தல். அவற்றில் சாய்ந்தபடி மூன்றாவது வரிசையில் பிள்ளைகள்.

இந்தக் கார்களைச் சிலர் வேகன் என்கிறார்கள், சிலர் வேன் என்கிறார்கள், சிலர் எம்.பி.வி. என்கிறார்கள். "பேரு எதுவா இருந்தா என்ன, குடும்பம் ஏறினா சரி" என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஸ்டேஷன் வேகனும் எம்.பி.வி.யும் இரண்டு வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்த வண்டிகள். எதை எங்கே ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது, சாலை வரி எவ்வளவு கட்டுவது, மூன்றாவது வரிசையில் யாரை உட்கார வைப்பது என்ற எல்லாமே அந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன.

புதுக் காரோ பழைய காரோ, அடுத்த சில ஆண்டுகளுக்குத் தவணை கட்டப்போகும் குடும்பங்களுக்காக இந்த விளக்கம்.

சுருக்கமாகச் சொன்னால் என்ன வேறுபாடு?

ஸ்டேஷன் வேகன் என்பது ஒரு செடான் காரின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டியது. முன்பாதி அப்படியே செடான். தனியாக இருக்கும் பூட்டுக்குப் பதிலாக, பின் இருக்கைக்குப் பின்னால் கூரை உயரத்துக்குத் திறந்த சாமான் பகுதி இருக்கும். பெரும்பாலும் இரண்டு வரிசை இருக்கைகள், ஐந்து பேர்.

எம்.பி.வி., அதாவது பல்நோக்குப் பயணிகள் வாகனம், ஆட்களை எண்ணி வடிவமைக்கப்பட்டது. கூரை உயரம். இருக்கையும் உயரம், அதனால் கால்களை நீட்டாமல் நாற்காலியில் உட்காருவதுபோல உட்காரலாம். மூன்று வரிசைகள், ஆறு முதல் எட்டுப் பேர். இருக்கைகளை மடிக்கலாம், சில வண்டிகளில் நகர்த்தலாம், கழற்றவும் செய்யலாம்.

ஒரே வரியில் சொல்வதானால், வேகன் தன் நீளத்தைச் சாமானுக்குச் செலவழிக்கிறது, எம்.பி.வி. தன் உயரத்தை ஆட்களுக்குச் செலவழிக்கிறது.

இதை எண்களில் பார்க்கலாம். 2022-இல் அறிமுகமான பெரோடுவா அல்சாவின் நீளம் 4,425 மில்லிமீட்டர், உயரம் 1,670 மில்லிமீட்டர். ஐரோப்பிய வேகனான வால்வோ வி60-இன் நீளம் சுமார் 4.76 மீட்டர், உயரம் சுமார் 1.43 மீட்டர். அதாவது வேகன் ஓர் அடிக்கும் மேல் நீளம். அல்சா ஏறக்குறைய கால் மீட்டர் உயரம். நீளத்தில் சிறியதான அல்சாவில் ஏழு இருக்கை. நீளத்தில் பெரியதான வி60-இல் ஐந்து இருக்கை. வி60-இல் மிஞ்சிய நீளம் எங்கே போனது? பானட்டுக்கும் பூட்டுக்கும் போனது.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

ஸ்டேஷன் வேகன் என்ற பெயரில் உள்ள ஸ்டேஷன், ரயில் நிலையம்தான். அமெரிக்காவில் ரயிலிலிருந்து இறங்கும் பயணிகளையும் அவர்களுடைய பெட்டிகளையும் சேர்த்து விடுதிக்கோ வீட்டுக்கோ கொண்டு போகப் பயன்பட்ட மரக் கூண்டு வண்டிகளிலிருந்து அந்தப் பெயர் வந்தது. பிரிட்டனில் அதே வகைக்கு எஸ்டேட் கார் என்று பெயர். எஸ்டேட் என்றதும் நமக்கு ரப்பர் தோட்டம் ஞாபகத்துக்கு வரும். அங்கே அது நிலபுலன் உள்ளவர்களின் நாட்டுப்புறப் பண்ணை வீட்டைக் குறித்தது.

பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது பாருங்கள். ஆட்களும் பெட்டிகளும் ஒன்றாகப் போக வேண்டும். ஆட்களுக்காகப் பெட்டியை விட்டுவிடுவது வேகனின் வேலை இல்லை.

எம்.பி.வி.யின் கதை வேறு. 1956-இல் இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 600 மல்டிப்லா என்ற குட்டிக் காரில் மூன்று வரிசையாக ஆறு பேரை உட்கார வைத்துக் காட்டியது. ஆனால் இந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பியவை 1980-களில் வந்த வண்டிகள். 1983 இறுதியில் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ் கேரவனும் பிளைமவுத் வாயேஜரும் விற்பனைக்கு வந்தன. 1984-இல் பிரான்சின் ரெனோ நிறுவனம் எஸ்பாஸை அறிமுகம் செய்தது. வேன் அளவுக்கு இடம், கார்போல ஓட்டம் என்பதுதான் இவற்றின் வாக்குறுதி. அதுவரை வேகன் ஓட்டிய குடும்பங்கள் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் சாய்ந்தன.

மலேசியாவில் வேகன் ஏன் அரிதாகிப் போனது?

1980-கள், 1990-களில் வளர்ந்தவர்களுக்கு வேகன் புதிது இல்லை. வால்வோ 240 எஸ்டேட், பழைய டொயோட்டா கொரோலா வேகன், அப்புறம் நிசான் ஏ.டி. ரிசோர்ட் எல்லாம் நம் சாலைகளில் ஓடியவைதான். கடைச் சாமான் ஏற்றவும், வாரக் கடைசியில் குடும்பத்தை ஏற்றவும் ஒரே வண்டி.

ஆனால் நம் வீட்டுக் கணக்கு ஐந்து பேரோடு நிற்பதில்லை. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், தாத்தா, பாட்டி. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் ஏழு பேர். குளுவாங்கிலிருந்தோ சிகாமட்டிலிருந்தோ பத்துமலைக்குக் கிளம்பினால் அத்தையும் சேர்ந்துகொள்வார். இந்தத் தேவைக்கு வேகனிடம் பதில் இல்லை.

பதில் பல பக்கமிருந்து வந்தது. இந்தோனேசியாவில் 1977 முதல் விற்பனையான டொயோட்டா கிஜாங் வம்சத்தில் வந்த உன்சர், 1990-களின் இறுதியில் இங்கே வந்தது. 2005-இல் அதன் இடத்தை இன்னோவா பிடித்தது. தமிழ்நாட்டுக்குப் போய் வாடகை வண்டி எடுத்தவர்களுக்கு அதே இன்னோவாவைத் தெரிந்திருக்கும். நாசா நிறுவனம் கியா கார்னிவலை நாசா ரியா என்ற பெயரில் விற்றது. டொயோட்டா அவான்சா 2004-இல் வந்தது.

பெரிய திருப்பம் 2009. அந்த ஆண்டு ஏப்ரலில் புரோட்டோன் எக்சோராவையும், நவம்பரில் பெரோடுவா முதல் தலைமுறை அல்சாவையும் அறிமுகம் செய்தன. தேசிய கார் விலையில் மூன்று வரிசை கிடைத்ததும், சாதாரண வருமானக் குடும்பமும் எம்.பி.வி. வாங்க முடிந்தது. வேகன் பக்கம் அப்படி ஒரு மலிவான தேசிய கார் வரவில்லை. இன்று வேகன் தேடுபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வண்டிகளையோ, ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் வண்டிகளையோ, பழைய வண்டிகளையோதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏழு இருக்கை இருந்தால் ஏழு பேருக்கும் பெட்டி வைக்க இடம் இருக்குமா?

கடையில் யாரும் கேட்காத கேள்வி இது. ஷோரூமில் எம்.பி.வி.யைக் காட்டும்போது இரண்டு காட்சி காட்டுவார்கள். ஒன்று, மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்: "பாருங்க, ஏழு பேர்." அடுத்தது, கடைசி வரிசை மடிந்திருக்கும்: "பாருங்க, எவ்வளவு இடம்." இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

நான்கரை மீட்டர் நீளத்துக்குள் மூன்று வரிசையை வைத்தால், கடைசி இருக்கைக்கும் பின் கதவுக்கும் நடுவில் மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். பள்ளிப் பைகள், சின்னத் துணிப் பைகள் போகும். பெரிய சூட்கேஸ் படுக்காது, நிற்கவைத்தால் ஒன்றிரண்டு. அதனால்தான் பண்டிகைக் காலத்தில் கண்ணாடி மறையும் அளவுக்குச் சாமான் ஏறுகிறது, காலடியில் பை போகிறது, கூரைமேல் கேரியர் வருகிறது.

வேகனில் நிலைமை நேர்எதிர். ஐந்து பேர் உட்கார்ந்த பிறகும் ஐந்து பேரின் பெட்டிக்கு இடம் இருக்கும். ஆறாவது ஆளுக்குத்தான் இடம் இருக்காது.

ஏழு பேரும் ஏழு பேரின் பெட்டியும் சேர்ந்து போக வேண்டும் என்றால், நீளமான உடல் கொண்ட பெரிய எம்.பி.வி. வேண்டும், அல்லது வேன் வேண்டும். அவற்றின் விலையும் எரிபொருள் செலவும் வேறு.

எடைக்கும் ஓர் எல்லை உண்டு

இடம் இருக்கிறது என்பதற்காக எடையும் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. ஒரு கார் தாங்கும் மொத்த எடையைத் தயாரிப்பாளர் நிர்ணயித்திருப்பார். அதில் ஓட்டுநர், பயணிகள், பிள்ளைகள், பூட்டில் உள்ள சாமான், கூரை கேரியர், அதன்மேல் உள்ள பெட்டி எல்லாமே சேரும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பெரியவர்கள் நான்கு பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் 280 கிலோ. பிள்ளைகள் மூன்று பேர், ஆளுக்கு 35 கிலோ என்றால் 105 கிலோ. ஆளுக்கு 12 கிலோ பை என்றால் 84 கிலோ. மொத்தம் 469 கிலோ. இன்னும் அரிசி மூட்டை ஏறவில்லை, ஊரிலிருந்து வரும் பலாப்பழம் ஏறவில்லை. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எல்லையோடு இந்தக் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய எம்.பி.வி. பலவற்றில் ஏழு பேர் உட்கார்ந்ததுமே அந்த எல்லையின் பெரும் பகுதி முடிந்துவிடும்.

எடை கூடினால் மூன்று விஷயங்கள் மாறும். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடும். டயரில் சூடு ஏறும். காற்று குறைவாக இருந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிக்கும் ஆபத்து அதிகம். பின்பக்கம் தாழ்ந்து முன் சக்கரத்தின் பிடி குறையும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவு விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டிகளில் அதில் டயர் காற்றுக்கு இரண்டு எண் கொடுத்திருப்பார்கள்: குறைவான ஆட்களுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. ஊருக்குக் கிளம்பும்போது இரண்டாவது எண்தான் உங்களுக்கு. காற்றை டயர் சூடாவதற்கு முன், அதாவது நீண்ட தூரம் ஓட்டுவதற்கு முன் நிரப்ப வேண்டும்.

கூரைமேல் சாமான் வைப்பதில் இன்னொரு சிக்கல். எம்.பி.வி. ஏற்கெனவே உயரம். எடை மேலே போகப் போக, வளைவிலும் திடீரென்று லேன் மாறும்போதும் வண்டி அதிகமாகச் சாயும். கனமான சாமான் கீழே, இருக்கையை ஒட்டி. இலேசானது மேலே. இந்த விதி வேகனுக்கும் பொருந்தும். வேகன் தாழ்வாக இருப்பதால் இயல்பாகவே தரையோடு ஒட்டி ஓடும். ஆனால் செடானில் இருப்பதுபோல சாமானுக்கும் ஆட்களுக்கும் நடுவில் சுவர் கிடையாது. இருக்கை முதுகுக்கு மேலே அடுக்கிய பெட்டி, அவசர பிரேக்கில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு வந்துவிடும். வலை அல்லது தடுப்பு போட்டுக் கட்ட வேண்டும்.

மூன்றாவது வரிசையில் யாரை உட்கார வைக்கலாம்?

பின் இருக்கையில் உட்காருபவர்களும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்ற விதி மலேசியாவில் 2009 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். மூன்றாவது வரிசையும் பின் இருக்கைதான். அதற்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை.

பலர் கவனிக்காத விஷயம், ஐசோஃபிக்ஸ் கொக்கி எந்த வரிசையில் இருக்கிறது என்பது. குழந்தை இருக்கையை வண்டியோடு மாட்டும் அந்தக் கொக்கி, நம் சந்தையில் உள்ள ஏழு இருக்கை கார்கள் பலவற்றில் இரண்டாவது வரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கிறது. அப்படியானால் குழந்தை இருக்கை இரண்டாவது வரிசையில். சீட் பெல்ட் சரியாகப் பொருந்தும் அளவுக்கு வளர்ந்த பிள்ளையோ, உயரம் குறைந்த பெரியவரோ மூன்றாவது வரிசையில். முழங்கால் வலி உள்ள பாட்டியைப் பின்னால் ஏற்றி இறக்குவது எவ்வளவு சிரமம் என்பது எம்.பி.வி. வைத்திருக்கும் வீட்டுக்குத் தெரியும். அவருக்கும் இரண்டாவது வரிசைதான் நல்லது.

பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 அல்சா, ஆசியான் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நட்சத்திரம் எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முன்பக்கமும் பக்கவாட்டும் மோதும் சோதனைகளில் முன் இருக்கையில் பெரியவர் பொம்மைகளும், இரண்டாவது வரிசையில் குழந்தைப் பொம்மைகளும் வைக்கப்படுகின்றன. பின்னால் இருந்து ஒரு லாரி வந்து மோதினால் மூன்றாவது வரிசைக்கு என்ன ஆகும் என்பது அந்த நட்சத்திரத்தில் இல்லை.

அந்த வரிசையில் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் இடைவெளி குறைவு. அதனால் தலைத்தாங்கி மேலே இழுத்துவிடப்பட்டிருக்க வேண்டும். பின்னால் ஆள் உயரத்துக்குச் சாமானை அடுக்கினால் ஓட்டுநருக்கும் கண்ணாடி தெரியாது. மோதலில் அந்தச் சாமான் முதலில் போய் இடிப்பது பிள்ளைகளைத்தான். நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி அவசரத் தடத்தில் நின்றால், முதலில் இறக்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டியதும் மூன்றாவது வரிசையில் இருப்பவர்களைத்தான்.

சாலை வரியில் எவ்வளவு வேறுபாடு?

சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் வரிப் பட்டியலில் தனியார் பெட்ரோல், டீசல் வாகனங்களுக்கு இரண்டு வரிசை இருக்கிறது. ஒன்று சலூன், மற்றொன்று சலூன் அல்லாதவை. சலூன் என்றதும் முடிவெட்டும் கடைக்குப் போய்விட வேண்டாம். செடான், ஹேட்ச்பேக், கூப்பே, ஸ்டேஷன் வேகன் ஆகியவை அந்த வகையில் வரும். எம்.பி.வி., எஸ்.யு.வி., பிக்-அப் போன்றவை பொதுவாக இரண்டாவது வகை.

தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் பதிந்த வாகனங்களுக்கான ஆண்டு வரியை ஒப்பிட்டால் இப்படி வரும்:

1,500 சி.சி.: சலூனுக்கு 90 ரிங்கிட், மற்றதற்கு 120 ரிங்கிட்.
1,998 சி.சி.: சலூனுக்கு 379 ரிங்கிட், மற்றதற்கு 439 ரிங்கிட் 20 சென்.
2,300 சி.சி.: இரண்டுக்கும் 680 ரிங்கிட்.
2,494 சி.சி.: சலூனுக்கு 874 ரிங்கிட், மற்றதற்கு 835 ரிங்கிட் 20 சென்.
3,456 சி.சி.: சலூனுக்கு 4,182 ரிங்கிட், மற்றதற்கு 2,369 ரிங்கிட் 60 சென்.

கவனித்தீர்களா? சிறிய எஞ்சினில் இரண்டாவது வகைக்குத்தான் வரி அதிகம். 2,300 சி.சி.யில் இரண்டும் சமம். அதைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகிறது. அடிப்படைத் தொகையும், கூடுதல் ஒவ்வொரு சி.சி.க்குமான விகிதமும் இரண்டு வகைக்கும் வேறுவேறாக இருப்பதுதான் காரணம். "எம்.பி.வி.ன்னா வரி அதிகம்" என்று ஒருவரும், "இல்லே, குறைவு" என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டு பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். அவரவர் எஞ்சின் அளவு வேறு, அவ்வளவுதான்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. விளம்பரத்தில் எம்.பி.வி. என்று போட்டிருப்பதோ, பார்ப்பதற்கு வேகன்போல இருப்பதோ வரியை முடிவு செய்யாது. ஜே.பி.ஜே. பதிவில் அந்த வண்டி எந்த உடல் வகையாகப் பதிவாகியிருக்கிறது என்பதுதான் கணக்கு. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு வண்டிகள் வேறு வேறு வகையில் பதிவாகியிருக்கலாம். வாகன உரிமைச் சான்றிதழ், நாம் வழக்கமாகச் சொல்லும் கிராண்ட், அதில் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் விற்பவரிடம் நடப்பு சாலை வரித் தொகையைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 2023 பிப்ரவரி முதல் சாலை வரி ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை, மைஜே.பி.ஜே. செயலியில் பார்க்கலாம்.

நிறுவனப் பெயரில் பதிந்த சலூன் வகை வண்டிக்கு விகிதம் வேறு. மின்சார வாகனத்துக்கு சி.சி. கணக்கே கிடையாது, மோட்டாரின் சக்தியை வைத்துத்தான் கணக்கு.

டோல், லைசென்ஸ் மாறுமா?

மாறாது. நெடுஞ்சாலை டோலில் இரண்டு அச்சு, நான்கு சக்கரம் உள்ள தனியார் வண்டிகள் எல்லாம் வகுப்பு 1. வேகனோ எம்.பி.வி.யோ, கட்டணம் ஒன்றுதான். ஓட்டுவதற்கு இரண்டுக்கும் டி லைசென்ஸ் போதும்.

ஆனால் ஏழு இருக்கை இருக்கிறது என்பதற்காகக் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்ற முடியாது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவது, விமான நிலையத்துக்கு விடுவது, சிங்கப்பூர் எல்லைக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றுவது எல்லாம் உரிமமும் தனி ஓட்டுநர் அனுமதியும் தேவைப்படும் தொழில். அவை இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வாய்ப்பு உண்டு. அண்டை வீட்டுப் பிள்ளைகளை "பெட்ரோல் காசுக்கு" பள்ளிக்கு ஏற்றிப் போகும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

வெள்ளத்தில் எம்.பி.வி. தாங்குமா?

2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட், சிகாமட் பகுதிகளில் வந்த வெள்ளத்தை ஜொகூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். "நம்ம காடி உயரம்தானே, கடந்துடலாம்" என்ற பேச்சு அப்போதெல்லாம் வரும்.

எம்.பி.வி.யில் உயரமாக இருப்பது கூரை. ஆட்கள் சுலபமாக ஏற வேண்டும் என்பதற்காகத் தரையைத் தாழ்வாகத்தான் வைத்திருப்பார்கள். ஏழு பேரும் சாமானும் ஏறினால் வண்டி இன்னும் கீழே இறங்கும். வெள்ளத்தைப் பொறுத்தவரை அது ஒரு சாதாரண கார்தான், வேகனும் அப்படியே. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேராது. அதற்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய எம்.பி.வி. வாங்குகிறீர்களா?

எக்சோரா, பழைய அல்சா, நிசான் கிராண்ட் லிவினா போன்றவை இன்றும் பழைய கார் கடைகளில் நிறையக் கிடைக்கும். எஞ்சினையும் கியரையும் மெக்கானிக் பார்ப்பார். மூன்றாவது வரிசையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் முந்தைய உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் அதை மடித்தே வைத்திருந்திருக்கலாம்.

இருக்கையை நிமிர்த்திப் பூட்டு விழுகிறதா என்று பாருங்கள், ஆட்டினால் ஆடக்கூடாது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, சட்டென்று இழுத்தால் பிடிக்கிறதா என்று பாருங்கள். தலைத்தாங்கி இருக்கிறதா, எங்கோ கழற்றி வைத்துத் தொலைந்துவிட்டதா? பின் வரிசைக்கு ஏர்கான் காற்று வருகிறதா? சறுக்குக் கதவு உள்ள வண்டியில் கதவு நடுவில் மாட்டாமல் கடைசிவரை போகிறதா? மூன்றாவது வரிசையையே கழற்றிவிட்டு விற்கும் வண்டியும் உண்டு. கிராண்டில் உள்ள இருக்கை எண்ணிக்கையும் வண்டியில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். நிரந்தரமாக மாற்ற நினைத்தால் முதலில் ஜே.பி.ஜே.யிடம் கேளுங்கள்.

பழைய வேகன் என்றால் பார்க்க வேண்டியது வேறு: பின் சஸ்பென்ஷன் சாமான் ஏற்றி ஏற்றித் தளர்ந்திருக்கிறதா, பின் கதவைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி கனம் தாங்குகிறதா, கூரை ஓரத்தில் நீர் கசிந்த கறை இருக்கிறதா என்பவை. உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். எம்.பி.வி.க்கு மாசாயிலும் ஸ்கூடாயிலும் உடனே கிடைக்கும் பொருளுக்கு, அரிதான வேகனாக இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

அப்போ யாருக்கு எது?

வாரத்தில் பல நாள் ஆறு, ஏழு பேர் பயணம் செய்கிறீர்கள், தூரம் குறைவு, சாமான் குறைவு என்றால் எம்.பி.வி.தான் பொருத்தம். தாத்தா பாட்டி ஏறி இறங்கவும் சுலபம்.

நான்கு, ஐந்து பேர்தான். ஆனால் அடிக்கடி 300 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், பெட்டி நிறைய, அல்லது மேளம், கேட்டரிங் பாத்திரம், விளையாட்டுச் சாமான் என்று நீளமான பொருள் ஏற்றுகிறீர்கள் என்றால் வேகன் நல்ல வண்டி. தாழ்வான உடல் காற்றை எளிதாகக் கிழிப்பதால், அதே எஞ்சின், அதே எடை உள்ள உயரமான வண்டியைவிட 110 கிலோமீட்டர் வேகத்தில் எரிபொருள் மிச்சமாகும்.

ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும்தான் ஏழு பேர் போகிறீர்கள் என்றால், அந்த இரண்டு நாளுக்காக மீதி 363 நாளும் பெரிய வண்டிக்குத் தவணை கட்ட வேண்டுமா என்று யோசிக்கலாம். அந்த நாட்களுக்கு மட்டும் உரிமம் பெற்ற நிறுவனத்தில் வாடகை வண்டி எடுப்பதும் ஒரு வழி.

எதை வாங்கினாலும் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் உள்ள எல்லோரையும், ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகும் அதே பெட்டிகளையும் கொண்டு போங்கள். எல்லா இருக்கையும் நிமிர்ந்திருக்க, எல்லோரும் பெல்ட் போட்ட பிறகு, பின் கதவை மூடிப் பாருங்கள். கதவு மூட வேண்டும், ஓட்டுநருக்குப் பின் கண்ணாடியும் தெரிய வேண்டும். இந்த இரண்டும் நடந்தால், அந்த வண்டி உங்கள் குடும்பத்துக்குப் போதும்.